இடது பக்கக் கதவு

மேல இருந்துதான் ஆரம்பிக்கணும், கூரையில இருந்து, இது ஒருத்தனுக்கும் தெரியறதில்ல, சக்கரம் துடைச்ச துணியிலயே பானட்டையும் ஒரு இழுப்பு இழுத்துட்டு பளபளன்னு ஆயிருச்சுன்னு சொல்லிக்குவானுங்க, வெயில்ல நிறுத்திப் பாத்தாத்தானே வண்டவாளம் தெரியும், வட்ட வட்டமா கீறல், எல்லாம் மண்ணு செய்யற வேலை. மொதல்ல தண்ணிய ஊத்தி மண்ண எறக்கணும். அப்பறந்தான் கை வெக்கணும். ரெண்டு வாளி வேணும், ஒன்னுல நுரை, இன்னொன்னுல வெறுந்தண்ணி, துணிய அதுல அலசிட்டுத்தான் மறுபடி நுரையில முக்கணும், அதுவும் போர்வெல் தண்ணி ஆகாது, காஞ்சா உப்பு பூத்துரும், அதுக்காகத்தான் நேத்தே ஆத்துத் தண்ணி பிடிச்சு வெக்கச் சொன்னேன், என்ற ஊட்டுக்காரி விசாலாட்சி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்தணுமாங்கறா. கறுப்பு வண்டிடீ. கறுப்பு எதையும் மறைக்காது. வெள்ளைன்னா அழுக்கே ரெண்டு மாசம் தெரியாது, கறுப்புல ஈ உக்காந்து எந்திரிச்சாக்கூடத் தெரியும். கல்யாணம் பேசி முடிச்ச நாச்சிமுத்து மாமா அன்னிக்கே சொன்னாரு, சீர் வண்டியப்பா சென்னியப்பா, மங்கலமா வெள்ளையோ செவப்போ எடுன்னு. மாப்பிள்ளைதான் கறுப்புன்னா கறுப்புத்தான்னு நின்னாரு. கறுப்புலதான் மாமா கெத்துன்னாரு. கெத்து! என்னிக்காச்சும் ஒரு துணி எடுத்து அதத் துடைச்சிருப்பாரா. காக்கா எச்சத்த அப்படியே காய விட்டிருக்காரு பாருங்க கூரையில, எச்சம் பெயிண்ட்டத் தின்னுரும், சுண்ணாம்பு மாதிரி உள்ள எறங்கிரும்னு கல்யாணத்தன்னிக்கே தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், ம் ம்னு போனையே பாத்துட்டிருந்தாரு. தாராபுரத்துல பெயிண்ட் கடை போட்டு இந்த மண்டை நரைச்சவன் சொன்னா கேக்கணும். சரி. எச்சத்தத் தேய்க்கக் கூடாது, ஈரத்துணியப் போட்டு ஊற விடணும். ஊறட்டும்.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னிக்கு வர்றாங்க. அதுதான் இவ்வளவு அவசரம். ராகு காலத்துக்கு முன்னாடி வந்து வண்டியையும் புள்ளையையும் சேத்துக் கூட்டிட்டுப் போறதுன்னு பேசி முடிச்சாச்சு, நாச்சிமுத்து மாமாதான் ரெண்டு பக்கமும் நடையா நடந்து முடிச்சாரு, அவரு இல்லாட்டி என்ன ஆயிருக்கும். போன வாரம் அவங்க டிரைவரு வண்டிய ஓட்டிட்டு வந்து கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு, சாவியக் கையில கூடக் குடுக்காம காம்பவுண்டு சுவத்து மேல வெச்சுட்டுப் போனான். பொண்ணும் வேண்டாம், பொண்ணோட வந்ததும் வேண்டாம்னு அர்த்தம். எதுத்த ஊட்டுக்காரன் மாடியில நின்னு பாத்துட்டிருந்தான். எனக்கு அப்படியே கூசிப் போச்சு. பாதி ராத்திரி வரைக்கும் காத்திருந்து உள்ள ஏத்தி உறையப் போட்டு மூடினேன், மூடினதும்தான் மூச்சே வந்துச்சு. அதுக்கு மொத நாள் சாயங்காலமே பிரதீபா வந்து எறங்கிட்டா, டவுன் பஸ்சுல, கையில பை இல்ல, கால்ல ஒத்தச் செருப்பு. என்ன சாமி இதுன்னேன். என்னையத் தாண்டி உள்ள போயிட்டா. அம்மாளும் மகளும் கதவச் சாத்திக்கிட்டாங்க. நான் என்ன செய்யறது, பேப்பர விரிச்சேன், டிவியப் போட்டேன். இப்ப மாமா சொல்லிட்டாரு, முறையாச் செய்யணும், மொதத் தடவை அனுப்புன மாதிரியே வண்டியக் கழுவி, பெட்ரோல் ரொப்பி, பொட்டு வெச்சு, எலுமிச்சங்கா வெச்சு நிறுத்துங்க, குறை சொல்ல இடம் வெக்காதீங்கன்னு. அந்தம்மா குறை சொல்றதுக்குன்னே கண்ணாடி போட்டுக்கிட்டு வரும், சம்பந்தியம்மா. வண்டியச் சுத்திச் சுத்தி வரும். கல்யாணத்தன்னிக்கு அந்தம்மாதான் மஞ்சளையும் குங்குமத்தையும் கொழைச்சு பானட்டுல அப்புச்சு, அடை தட்டற மாதிரி. கண்ணாடியில வெய்யுங்க சம்பந்தி, பெயிண்ட்டுல வேண்டாமுங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அந்த வட்டம் இன்னும் இருக்கு. இதோ. சாய்ஞ்சு பாத்தாத் தெரியும், மங்கலா, காசு அளவுக்கு. காம்பவுண்டுப் பசைய வெச்சு ஒரு தேய் தேச்சாப் போயிரும்.

கூரை ஆச்சு. பின் கண்ணாடி ஆச்சு. நுரை வழிஞ்சு எறங்கறதப் பாக்கறதுக்கே ஒரு சொகம், மனசு கொஞ்சம் அடங்குது, இந்த வாரம் பூராவும் ராத்திரித் தூக்கமே இல்ல. பயந்தான். பயம்னு சொல்றதுக்கு என்ன வெக்கம். சின்னவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம், மூலனூர்ப் பக்கம் ஒரு எடம் படியற மாதிரி இருந்துச்சு, இப்ப அவங்க போன எடுக்கறதில்ல. அக்காக்காரி வந்து ஊட்டுல உக்காந்திருக்கான்னா எவன் பொண்ணு குடுப்பான். கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் ப்ரைமர் வாங்கறானோ இல்லையோ, ஏனுங்க பாப்பா வந்திருக்காப்ல இருக்குதுன்னு ஒரு கொக்கியப் போட்டுட்டுத்தான் போறான். சொந்தக்காரங்க ஒறம்பரைல ஒரு விசேஷத்துக்குப் போக முடியுதா. என்ற தங்கச்சி ஊட்டுக் காதுகுத்துக்குப் போகாம நான் வயித்து வலின்னு படுத்திருந்தேன். இது எல்லாம் அவளுக்குப் புரியுதா. படிச்ச புள்ள. கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன. ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும், நான் எறிஞ்ச சோத்துத் தட்டெல்லாம் விசாலாட்சி எண்ணிக்கிட்டா இருந்தா. இல்ல, எண்ணியிருப்பா. எண்ணிட்டு வாய மூடிட்டு இருந்தா, அதனாலதான் குடும்பம் நின்னுச்சு. பிரதீபா சின்னதுல இருந்தே எதையும் கூட்டித்தான் சொல்லுவா, கட்டெறும்பு கடிச்சதுக்குப் பாம்பு கடிச்சாப்ல ஊரக் கூட்டுவா, பள்ளிக்கூடத்துல டீச்சர் தட்டுனதுக்குக் கை ஒடிஞ்சிருச்சுன்னு ஒரு நாப்பூரா ஒரு பக்கமாவே தூக்கி வெச்சிருந்தா. அப்ப தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். ஒடியல. ஆனா வீங்கியிருந்துச்சு. வீங்கித்தான் இருந்துச்சு, அத எதுக்கு இப்ப நெனைக்கணும், துணி காயுது, அலசு. வலது பக்கம் ரெண்டு கதவும் சுத்தம். கைப்பிடிக்குப் பின்னால இருக்கற குழியில மட்டும் நகக் கீறல், அது எல்லா வண்டியிலயும் வரும், வெரல மடக்கித் தொறக்கறப்ப நகம் பட்டுக்கிட்டே இருக்கும், குட்டிக் குட்டியா, மேலயும் கீழயும். டிரைவர் பக்கந்தானே, மாப்பிள்ளை நகம். ஒரு சொட்டு பாலிஷ், ரெண்டு சுத்து, போயிருச்சு.

அன்னிக்கு உள்ள அவ சொன்னது பாதிதான் காதுல விழுந்துச்சு. பழனியில அவங்க ஒறம்பரைக் கல்யாணம், போயிட்டுத் திரும்பறப்ப வண்டிக்குள்ள என்னமோ பேச்சு, எறங்குடீன்னாராம். எறங்குனாளாம். பைபாஸ் ரோட்ல, அக்கம் பக்கம் ஒன்னுமில்லாத எடத்துல. "சரி, கோவம் தணிஞ்சிருக்கும்னு மறுபடி கதவப் புடிச்சேம்மா. வண்டிய எடுத்துட்டாரும்மா. விட்டா விழுந்துருவேன்னு புடிச்சுக்கிட்டே ஓடுனேன்." அந்த நேரம் பாத்து டிவியில விளம்பரம், இந்தக் காலத்து விளம்பரமெல்லாம் தானா சத்தம் கூடிக்குது. ரிமோட்டு என் கையிலதான் இருந்துச்சு. அதுக்கப்பறம் அவ சொன்னது எனக்குக் கேக்கல. அவங்க தரப்புல மாமாகிட்டச் சொன்னது வேற. அவளாத்தான் வீம்புக்கு எறங்குனா, சேலை தடுக்கி விழுந்தா, மாப்பிள்ளை எவ்வளவு கூப்பிட்டும் ஏறல, அத்தனை ரோசம். சேலை தடுக்கறது உண்டுதானே. பட்டுச்சேலை. தடுக்கும். மருந்து போட்டாச்சான்னு விசாலாட்சியக் கேட்டேன், போட்டாச்சுன்னா, அப்பறம் என்ன, நான் போய்க் காலப் பாக்கவா முடியும், வயசுக்கு வந்த புள்ள, கல்யாணமாகிப் போன புள்ள. பொழுதுக்கும் அறைக்குள்ளயே கெடக்கறா. போர்டிகோப் பக்கமே வர்றதில்ல, துணி காயப்போடக் கூட இந்த வண்டியத் தாண்ட மாட்டாம பொறக்கடையில சுத்திப் போறா.

இடது பக்கம் வந்தாச்சு. முன் கதவு. இது என்ன கருமம். தண்ணி வழியறப்பவே தெரிஞ்சிருச்சு, தண்ணி ஒரே சீராப் போகாம ஒரு எடத்துல திரும்பித் திரும்பிப் போச்சு. துடைச்சிட்டுச் சாய்ஞ்சு பாக்கறேன். கைப்பிடிக் குழியில கீறல், சரி, அது வரும்னு சொன்னேனே, இந்தப் பக்கம் உக்கார்றவ அவதானே, நகம் வளத்துக்கறா, வெட்டுன்னா கேக்கறதில்ல. ஆனா இது மேலயும் கீழயும் இல்ல. குறுக்கால போயிருக்கு. குழிக்குள்ள ஆரம்பிச்சு வெளிய வந்து பின்பக்கமாப் போகுது, நாலு கோடு, மெல்லிசா, பக்கத்துப் பக்கத்துல, அதுல ஒன்னு மட்டும் ஆழம். மோதிரம். நிச்சயத்துக்குப் போட்ட கல்லு வெச்ச மோதிரம். கதவத் தாண்டிப் பின் கதவு வரைக்கும் இழுத்திருக்கு, ஆரம்பத்துல ஆழமா, போகப் போக மேலாப்புல, கடைசியில ஒன்னுமில்லாம மறைஞ்சு போகுது. நின்ன வண்டியில இப்படி விழாது. நின்ன வண்டியில கோடு குழிய விட்டு வெளிய வராது. வண்டி முன்னால போகணும், கை அங்கயே இருக்கணும், அப்பத்தான் கோடு பின்னால ஓடும். எத்தனை வண்டி பாத்திருக்கேன், மாடு உரசினதா, கேட்டு உரசினதா, வேணும்னே ஆணியில கிழிச்சதான்னு கோட்டப் பாத்தே சொல்லுவேன், எதுல ஆரம்பம் எதுல முடிவுன்னு. சேலை தடுக்கல. அட கடவுளே. சேலை தடுக்கல. இல்ல, இரு, அவசரப்படாத, வேற என்னமாச்சும் இருக்கும், கடைவீதியில எவனாச்சும் பிச்சைக்காரன் கைய வெச்சிருப்பான், கூட்டத்துல வளையல் பட்டிருக்கும், முள்ளு உரசியிருக்கும், வேலியோரம் ஓட்டுனா முள்ளு இப்படித்தான் இழுக்கும். முள்ளு குழிக்குள்ள இருந்து ஆரம்பிக்குமா. குழிக்குள்ள வெரல்தான் போகும். வெரல விட்டுப் பாத்தேன். என்ற வெரல் தடியானது, பாதிதான் போகுது. அவளுக்கு விசாலாட்சி கை. முழுசாப் போகும். நாலு வெரலும் நல்லா மாட்டிக்கும். சட்டுனு எடுக்கக் கூட முடியாது.

"ஏனுங்க." விசாலாட்சி காப்பியோட நிக்கறா, எப்ப வந்தான்னே தெரியல. நான் துணிய எடுத்துக் கதவுல போட்டுட்டேன், ஏன் போட்டேன்னு தெரியல. "பிரதீபா உங்ககிட்ட என்னமோ காட்டணும்ங்கறா. அவங்க வர்றதுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" அப்படிங்கறா. என்ன காட்டணுமாம்? "தெரியல. அப்பா பாத்தாப் போதும்மா, அப்பாவுக்குத் தெரியும்ங்கறா." கையெல்லாம் சோப்பு, வேலை பாதியில நிக்குது, வெயில் ஏறுனா எல்லாம் கறை கட்டிக்கும், முடிச்சிட்டு வர்றேன் போன்னு சொன்னேன். அவ போகல. துணியவே பாத்துட்டு நின்னா. "காப்பி ஆறுது" அப்படின்னு சொல்லிட்டுத்தான் போனா. காப்பி ஆறட்டும். இப்ப நான் போயி உள்ள நின்னா அவ காலக் காட்டுவா, கையக் காட்டுவா, அப்பறம் இங்க கூட்டிட்டு வந்து இதக் காட்டுவா. பாத்துட்டா நான் என்ன செய்யணும். பாத்துட்டா மாமாகிட்டச் சொல்லணும், மாமா அவங்ககிட்டக் கேக்கணும், அவங்க இல்லைம்பாங்க, போலீசு, வக்கீலு, மூலனூர்க்காரன் போனையே மாத்திருவான், எதுத்த ஊட்டுக்காரன் மாடியில சேர் போட்டு உக்காந்துக்குவான், இவ ஆயுசு பூரா அந்த அறையிலயே கெடப்பா. பாக்கலைன்னா ஒன்னுமில்ல. பாக்கலைன்னா ஒரு கோவத்துல நடந்தது, பேசியாச்சு, முடிஞ்சாச்சு. மாப்பிள்ளை கூட மாமாகிட்ட இனிமேப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரில்ல. இனிமே. சம்பந்தியம்மா வேற இந்தக் கீறலப் பாத்துட்டு, பாருங்க உங்க பொண்ணு வண்டிய எந்த லட்சணத்துல வெச்சிருக்கான்னு ஆரம்பிக்கும், அது ஒன்னு போதும் பேச்சுத் திரும்பறதுக்கு. எப்படியும் எடுத்துத்தான் ஆகணும். வண்டிய நல்லா நிறுத்தணும்னு மாமா சொன்னாரு. அதச் செய்யறேன், அவ்வளவுதான். நகத்த வெச்சுக் கோட்டு மேல ஓட்டுனேன். நகம் தட்டாமப் போனா பாலிஷ்லயே போயிரும். நாலுல மூணுல தட்டல. மோதிரக் கோட்டுல தட்டுச்சு. நல்லாவே தட்டுச்சு. அது பாலிஷுக்கு அசையாது, தண்ணியில முக்கித் தேய்க்கற எமரித் தாள்தான் போடணும்.

எமரி கடையில இருந்து கொண்டாந்த டப்பாவுலதான் இருந்துச்சு, இருக்கறதுலயே நைசானது. தண்ணியில ஊற வெச்சு, கட்டையில சுத்தி, நீளவாட்டத்துல மட்டும், அழுத்தாம. மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதுக்குக் கீழதான் கறுப்பு. கீறல் இருக்கற ஆழத்துக்குச் சுத்தி இருக்கற பூச்சையும் எறக்கிட்டா கீறல் இல்லாமப் போயிரும், அவ்வளவுதான் சூட்சுமம், கீறல யாரும் மூடறதில்ல, மத்த எடத்த அதோட மட்டத்துக்கு எறக்கறதுதான். பால் மாதிரி வெள்ளைத் தண்ணி வழியுது, பூச்சு கரையுது. கொஞ்சம் அதிகமாப் போனா கறுப்பு வந்துரும், அதனால தேய்க்கறதும் துடைக்கறதும் பாக்கறதுமா. கோடு மங்குது. இன்னுங்கொஞ்சம். எத்தனை தூரம் ஓடியிருப்பா. ஒத்தச் செருப்பு எங்க கழண்டுச்சு. வண்டி வேகம் எடுக்கறதுக்கு முந்தியே விட்டிருந்தா இவ்வளவு நீளத்துக்கு வராது. கத்தியிருப்பாளா. கண்ணாடி ஏத்தியிருந்தா உள்ள கேட்டிருக்காது, பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டற ஆளு. கேட்டிருக்கும். கதவு அந்த அடி அடிச்சா உள்ள கேக்காமயா போகும். இந்தக் கை நிக்க மாட்டேங்குது. நான் நிறுத்தணும்னு நெனைக்கறேன், கை அது பாட்டுக்குப் போயிட்டு வருது, நீளவாட்டத்துல, கோடு போன வழியிலயே, கைப்பிடியில இருந்து பின் கதவுக்கு, கைப்பிடியில இருந்து பின் கதவுக்கு. அழுகை வருது எனக்கு. அழுதுட்டேதான் தேய்க்கறேன். எமரி முடிஞ்சு காம்பவுண்டு, காம்பவுண்டு முடிஞ்சு பாலிஷ், பாலிஷ் முடிஞ்சு மெழுகு. வெளிச்சத்துல கொண்டாந்து நிறுத்திச் சாய்ஞ்சு பாத்தேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம். என் மூஞ்சி தெரிஞ்சுது. வேற ஒன்னும் தெரியல. நல்ல வேலை. நானே சொல்லக் கூடாது, ஆனா நல்ல வேலை.

வந்துட்டாங்க. நாச்சிமுத்து மாமா, சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை தரணீஷ். வாங்க வாங்கன்னேன், கையத் துடைச்சுக்கிட்டே. நெனைச்ச மாதிரியே அந்தம்மா ஒரு சுத்து வந்துச்சு, குனிஞ்சு பாத்துச்சு, "பரவால்ல, புது வண்டியாட்டவே இருக்குதுங்க" அப்படின்னுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு பாருங்க, அத நெனைச்சா இப்பக் காறித் துப்பணும் போல இருக்கு. முன்கூடத்து ஆசாரத்துல உக்காந்தாங்க, காப்பி வந்துச்சு, நல்ல நேரம் போறதுக்குள்ள கெளம்பலாம்னு மாமா எந்திரிச்சாரு. அப்பத்தான் பிரதீபா வெளிய வந்தா. நேரா மாமாகிட்ட வந்தா, நொண்டறா. நொண்டறான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. "நான் பொய் சொல்றேன்னு நீங்க எல்லாரும் நெனைக்கறீங்க தாத்தா" அப்படிங்கறா. "இடது பக்கக் கதவப் பாருங்க. என்ற நகம் இழுத்தது இருக்கும். மோதிரம் கிழிச்சது பின் கதவு வரைக்கும் இருக்கும். அந்த வண்டிகிட்டப் போகவே எனக்குப் பயமா இருக்கு, அதனாலதான் இத்தனை நாள் காட்டல. நீங்களே போய்ப் பாருங்க. அதப் பாத்துட்டுப் போன்னு சொன்னீங்கன்னா போறேன்." மாப்பிள்ளை போன்ல ஓட்டிட்டிருந்த வெரல் நின்னுருச்சு. அவருக்குத் தெரியும். மொகத்துல அப்படியே தெரியுது, அவருக்குத் தெரியும்.

எல்லாரும் போர்டிகோவுக்கு வந்தாங்க. மாமா கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சாரு. கையால தடவினாரு. அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தாரு. "ஒன்னுமில்லயே அம்மிணி" அப்படின்னாரு. அவ தூண்கிட்டவே நின்னுட்டிருந்தவ ஒவ்வொரு அடியா வந்தா, கதவப் பாத்தா. கதவுல அவ நிக்கறது தெரிஞ்சுது. சம்பந்தியம்மா, "இப்படித்தானுங்க, இல்லாதத எல்லாம்" அப்படின்னு ஆரம்பிச்சுது, மாமா கைய அமத்தி நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு. "சென்னியப்பா, காத்தால இருந்து நீதானே துடைச்சிட்டிருக்க. கீறல் கீது ஏதாச்சும் இருந்துச்சா? இருந்துச்சுன்னாச் சொல்லு, பேச்ச இங்கயே முறிச்சிரலாம்." மாப்பிள்ளை என்னையப் பாக்கறாரு. விசாலாட்சி பாக்கறா. பிரதீபா பாக்கறா, சின்னதுல கையத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில என் மூஞ்சியவே பாத்தா பாருங்க, அதே பார்வை. இருந்துச்சுங்க மாமா. நாலு கோடு. நான்தான் எடுத்துட்டேன். அவ்வளவுதான் சொல்லணும். சொன்னா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. ஏன் எடுத்தேன். "நான் கவனிக்கலீங்க மாமா" அப்படின்னேன்.

நான். கவனிக்கல. கண்ணாடியில கடுகத்தனை உப்புப் பூத்தா ஊட்டையே ரெண்டு பண்றவன். விசாலாட்சி முந்தானையில வாயப் பொத்திக்கிட்டா. பிரதீபா என் கையப் பாத்தா, நகக் கண்ணுல எல்லாம் வெள்ளையா மெழுகு ஒட்டியிருந்துச்சு, அதப் பாத்தா, அப்பறம் என் மொகத்தப் பாக்காமயே அவங்கம்மா பக்கம் திரும்பி, "அப்பா கவனிக்கலையாம்மா" அப்படின்னா. அழல. கோவப்படல. உள்ள போய் அவங்கம்மா கட்டி வெச்சிருந்த பைய எடுத்துக்கிட்டு வந்தா. நானே வர்றேன், புடிக்க வேண்டாம்னு மாமா கைய விலக்கிட்டு, அந்தக் கதவத் தானே தொறந்து ஏறி உக்காந்து சாத்திக்கிட்டா. சம்பந்தியம்மா மஞ்சக் கிண்ணத்தோட பானட்டுக்கு வந்துச்சு, எங்க வேணும்னாலும் அப்பட்டும். எலுமிச்சங்கா நசுங்குச்சு. வண்டி கேட்டத் தாண்டி, எதுத்த ஊட்டத் தாண்டி, முக்குல திரும்பிப் போயிருச்சு. பாத்தேன் சாமி, அப்பா பாத்தேன், எல்லாத்தையும் பாத்தேன்னு அப்பறந்தான் எனக்கு வாய் தொறந்துச்சு, சத்தமாவே சொன்னேன். கேக்கறதுக்கு விசாலாட்சி மட்டுந்தான் அங்க நின்னுட்டிருந்தா.